கடலிலிருந்து மொகஞ்சதாரோ வரை: சிந்துவின் இடிபாடுகள், அடக்கத்தலங்கள், தர்காக்கள்

சிந்து என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் எழுவது மொகஞ்சதாரோ ஒன்றுதான். பெருங்குளம், பூசாரி அரசன் என்று பாடப்புத்தகங்கள் அழைக்கும் அந்தச் சிலை, இடுப்பில் கைவைத்து நிற்கும் வெண்கலப் பெண், இன்னும் வாசித்து முடிக்கப்படாத முத்திரைகள். ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட சிந்து எழுத்துத் தொகுப்பும், அஸ்கோ பர்ப்போலா போன்றோர் முன்வைத்த திராவிட மொழிக் கருதுகோளும் அந்த நகரத்தை நமக்குச் சொந்த ஊர் போல ஆக்கிவிட்டன. ஆனால் கி.மு. 1900 வாக்கில் அந்த நகர வாழ்வு தளர்ந்த பிறகு சிந்து மண்ணில் என்ன நடந்தது என்று கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இருக்காது. நாலாயிரம் ஆண்டு வரலாற்றை அப்படியே தாண்டிவிடுகிறோம்.

அந்தத் தாண்டலைச் சரிசெய்ய ஒரு சாலை இருக்கிறது. கராச்சியில் உள்ளூர் வழிகாட்டியோடு வண்டி அமர்த்திக்கொண்டு புறப்படுகிறவர்கள் வழக்கமாகப் போகும் தடம்தான்: சௌகண்டி, பம்போர், மக்லி, தட்டா, பிட் ஷா, சேவன், கடைசியில் லார்க்கானாவை அடுத்த மொகஞ்சதாரோ. பயண ஏற்பாட்டாளர்களின் அட்டவணையில் இவை இடிபாடுகள், கல்லறைகள், சூபி தர்காக்கள் என்று மூன்று இனமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நிர்வாகமும் அப்படியே பிரித்து வைத்திருக்கிறது: இடிபாடு தொல்லியல் துறைக்கு, தர்கா வக்ஃபு துறைக்கு. இந்தப் பிரிவினை சிந்துவைப் புரிந்துகொள்ளப் பெரிய தடை என்பதே இக்கட்டுரையின் வாதம். இடிந்த ஊர், அடக்கத்தலம், தர்கா மூன்றும் இங்கே ஒன்றையொன்று தாங்கியே நிற்கின்றன.

கராச்சி நகரத்தின் கிழக்கு விளிம்பில், தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி, சுமார் 30 கிலோமீட்டரில் சௌகண்டி கல்லறைகள் வருகின்றன. 15ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ஜோக்கியோ, பலூச் குலத்தவர் தங்கள் இறந்தோருக்கு எழுப்பியவை. மஞ்சள் மணற்கல் பலகைகளைச் சாந்து இல்லாமல் அடுக்கடுக்காக வைத்து, மேலே போகப் போகக் குறுகும் வடிவம். அருகில் போய்ப் பார்க்க வேண்டியது பலகைகளின் முகத்தைத்தான். ஒரு கல்லறையில் கழுத்தாரம், வளையல், காதணி என்று ஒரு பெண்ணின் நகைகள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும். இன்னொன்றில் வாள், அம்பறாத்தூணி, குதிரைமேல் வீரன். தலைமாட்டில் கல்லிலேயே வடித்த தலைப்பாகை. பெயர் பொறிக்கப்படாத கல்லறையிலும் படுத்திருப்பது ஆணா பெண்ணா என்று கல்லே சொல்லிவிடும். உருவம் செதுக்குவதை இஸ்லாமிய மரபு விரும்புவதில்லை என்று பொதுவாகச் சொல்வோம். இந்தக் குலங்களுக்கோ, போரில் இறந்த மூதாதையைக் குதிரையில் ஏற்றிக் காட்டுவது மரபுக்கு விரோதமாகத் தோன்றவில்லை. பாலைக் குடிகளின் நடுகல் மனமும் இஸ்லாமிய அடக்க முறையும் ஒரே கல்லில் சேர்ந்திருப்பதாகவே நான் இதைப் பார்க்கிறேன். 1993 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் காத்திருக்கும் இந்த இடத்தைக் கராச்சியின் தொழிற்பேட்டைகளும் புதிய குடியிருப்புகளும் நெருக்கிக்கொண்டே வருகின்றன.

அங்கிருந்து இன்னும் அவ்வளவு தூரம் போனால் காரோ கழிமுகத்தின் கரையில் பம்போர். கோட்டைச் சுவரும் கரையோரக் கட்டுமானங்களும் கொண்ட துறைமுக நகரம். எஃப். ஏ. கான் தலைமையில் 1958 முதல் 1965 வரை நடந்த அகழாய்வு, கி.மு. முதல் நூற்றாண்டிலிருந்து கி.பி. 13ஆம் நூற்றாண்டு வரை இங்கே மக்கள் வாழ்ந்ததைக் காட்டியது. அடியில் பார்த்தியர் கால அடுக்கு, நடுவில் இந்து, பௌத்த அடுக்கு, மேலே இஸ்லாமிய அடுக்கு. இங்கே கிடைத்த பள்ளிவாசலின் கல்வெட்டு ஹிஜ்ரி 109, அதாவது கி.பி. 727 என்று ஆண்டு சொல்கிறது. தெற்காசியாவில் இதுவரை தெரியவந்த மிகப் பழைய பள்ளிவாசல்களில் ஒன்று. தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடம் இதில் கிடையாது. அந்த மாடம் வழக்கத்துக்கு வருமுன் போடப்பட்ட திட்டம் இது என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

முகமது பின் காசிம் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைப்பற்றிய தேபல் துறைமுகம் இதுதானா? பலர் ஆம் என்கிறார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லும் கல்வெட்டு கிடைக்காததால் விவாதம் முடியவில்லை. சிந்து வழிகாட்டிக்கோ இந்த விவாதத்தில் அக்கறை குறைவு. அவர் சொல்ல விரும்புவது சசூயியின் கதை. பம்போரில் வண்ணார் வீட்டில் வளர்ந்த சசூயி, மக்ரான் நாட்டு இளவரசன் புன்னூனை மணக்கிறாள். அவன் சகோதரர்கள் இரவோடிரவாக அவனை ஒட்டகத்தில் தூக்கிப் போய்விட, அவள் தனியாக மலையும் பாலையும் கடந்து தேடிப் போகிறாள். வரலாற்றுச் செய்தியை எதிர்பார்த்து வந்தவருக்கு இது வழிதவறல் போலத் தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. துறைமுகம் தூர்ந்து, கப்பல்கள் நின்று, தொல்லியலாளர் மண்வெட்டியோடு வரும் வரை பம்போர் என்ற பெயரைப் பல நூற்றாண்டுகள் மக்கள் நாவில் வைத்திருந்தது இந்தக் கதைதான்.

தட்டாவை நெருங்கும்போது சாலையோரத்தில் மக்லி மேடு தொடங்குகிறது. சுமார் பத்து சதுர கிலோமீட்டர் பரப்பு. 14ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை நானூறு ஆண்டுகளாக அரசர், ஆளுநர், அறிஞர், சூபிகள், பெயர் தெரியாத சாமானியர் என்று ஐந்து லட்சம் பேருக்குக் குறையாமல் இங்கே அடங்கியிருப்பதாகச் சொல்லப்படுகிறது. 1981இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இவ்வளவு பெரிய அடக்கத்தலம் ஏன் இங்கே தோன்றியது? மரபு ஒரு சூபியைச் சுட்டுகிறது. ஷேக் ஹம்மாத் ஜமாலி என்ற மகான் இந்த மேட்டில் தங்கியிருந்தார். சம்மா வம்சத்து அரசர் ஜாம் தமாச்சி அவர் சொற்படி இங்கே பள்ளிவாசல் எழுப்பினார். அதுவரை பீர் பட்டோ என்ற இடத்தில் நடந்துவந்த அடக்கங்கள் மக்லிக்கு மாறின. மகானின் அருகாமையில் உறங்கினால் மறுமையில் துணை கிடைக்கும் என்ற நம்பிக்கை அரசர்களை இங்கே இழுத்தது. அரசர் வந்ததும் கல்தச்சர் வந்தனர். தர்கா முதலில், கல்லறை பிறகு என்ற இந்த வரிசையை மறந்துவிட்டு மக்லியின் கட்டடக் கலையை மட்டும் பேசுவது பாதிப் பேச்சு.

அந்தக் கலையின் உச்சம் ஜாம் நிஜாமுதீனின் கல்லறை. 1461 முதல் 1508 வரை ஆண்ட அவர் காலம் சிந்துவின் பொற்காலமாக நினைக்கப்படுகிறது. சதுரமான கல் கட்டடம். மேலே குவிமாடம் எழும்பவேயில்லை, வானம்தான் கூரை. மேற்குச் சுவரின் வெளிப்புறத்தில், மிஹ்ராப் புடைத்து வரும் இடத்தில் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சிறு தூண்கள், மாடங்கள், மேலே மேலே ஏறும் கோபுர உருவங்கள் எல்லாம் குஜராத்தின் கோயில் வேலையை அப்படியே நினைவூட்டும். சுவரைச் சுற்றி ஓடும் பட்டைகளில் ஒன்றில் வாத்துகள் வரிசையாக நடக்கின்றன. கோயில் அடித்தளங்களில் நாம் பார்த்துப் பழகிய அன்ன வரிசை இது. அதன் அருகிலேயே அரபு எழுத்துப் பட்டை. ஒரு முஸ்லிம் அரசனின் அடக்கத்தலத்துக்கு அன்னம் செதுக்கியவனிடம் யாரும் அதை அழிக்கச் சொல்லவில்லை. சமயங்கள் இணங்கி வாழ்ந்தன என்று மேடையில் சொல்வதைவிட இந்த ஒரு பட்டை எனக்குப் பெரிய சான்று.

பின்னால் வந்த தர்கான் வம்சத்தவர் மத்திய ஆசிய வேர் உள்ளவர்கள். அவர்களில் ஜானி பேக்கின் கல்லறை செங்கல்லும் நீல மெருகு ஓடுமாக வேறொரு உலகத்தைக் காட்டும். 1644இல் இறந்த ஈசா கான் தர்கானின் இரண்டடுக்குக் கல்மாளிகை மறுபடியும் குஜராத்துப் பக்கம் சாயும். இரண்டு மரபும் ஒரே மேட்டில், சில நிமிட நடையில்.

இதே மேட்டில்தான் அப்துல்லா ஷா அஸ்ஹாபியின் தர்காவும் இருக்கிறது. மன்னர்களின் மாளிகைக் கல்லறைகளில் காற்றைத் தவிர ஒலியில்லை. இங்கேயோ நேர்த்திக் கடனுக்கு வந்த குடும்பங்கள், தீராத நோயோடும் மனக்கலக்கத்தோடும் வந்து தங்கியிருப்பவர்கள், பூவும் போர்வையும் விற்கும் கடைகள். ஒரே பாறை மேடு, ஒரே உப்புக்காற்று. இடிபாட்டுக்குக் காவலர் வைக்க நிதி தேட வேண்டியிருக்கிறது. தர்காவைக் கூட்டிப் பெருக்க ஆள் தேட வேண்டியதில்லை. 2010 வெள்ளத்தில் வீடிழந்தவர்கள் உயரமான இடம் தேடி மக்லியில்தான் கூடாரம் அடித்தார்கள். கல்லறைகளுக்கு ஆபத்து என்று மரபுக் காப்பாளர்கள் கவலைப்பட்டதில் நியாயம் உண்டு. ஆனால் நீர் சூழ்ந்த மக்களுக்கு முன்னோர் உறங்கும் மேடு புகலிடமாகத் தோன்றியதை அத்துமீறல் என்று மட்டும் எழுதிவிட முடியாது. பாகிஸ்தானின் முதல் பெண் கட்டடக் கலைஞராக அறியப்படும் யாஸ்மீன் லாரி, மண்ணும் சுண்ணாம்பும் மூங்கிலும் கொண்டு வெள்ளம் தாங்கும் வீடு கட்டுவதை மக்லிப் பகுதி மக்களுக்குக் கற்றுக்கொடுத்து வருகிறார். கல்லறைகளைக் காப்பதையும் அங்குள்ள மனிதரைக் காப்பதையும் ஒரே வேலையாகப் பார்த்தவர் அவர்.

தட்டா ஊருக்குள் ஷாஜஹானின் பள்ளிவாசலை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். தந்தை ஜஹாங்கீரை எதிர்த்துக் கிளம்பிய காலத்தில் இளவரசர் ஷாஜஹானுக்கு இவ்வூர் அடைக்கலம் தந்தது; பேரரசரான பின் 1644 முதல் 1647 வரை நன்றியாகக் கட்டிக் கொடுத்தார். மினாரா இல்லை, 93 குவிமாடங்கள், உள்ளே விண்மீன் கோலமாக நீல ஓடுகள். சிந்து நதி போக்கை மாற்றிக்கொண்டதும் தட்டாவின் வணிகம் ஒடுங்கியது. பம்போருக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய அதுவே. இந்தச் சாலையில் நகரங்களைக் கொன்றது பெரும்பாலும் படையெடுப்பு அல்ல, நதியின் இடமாற்றம். போர்த்துக்கீசியர் 1555இல் தட்டாவைக் கொளுத்தினர், ஊர் மீண்டது. நதி விலகியபோது மீளவில்லை.

வடக்கே போகும் வழியில் கீஞ்சர் ஏரி. கராச்சியின் குடிநீரில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போகிறது. ஏரி நடுவே நூரியின் அடக்கத்தலம் என்று காட்டுகிறார்கள். மீனவப் பெண்ணான நூரியை மணந்தவர் மக்லியைத் தொடங்கிவைத்த அதே ஜாம் தமாச்சி. மக்லியில் கேட்ட பெயர் கதைக்குள் வருகிறது. அந்தக் கதை பாட்டாக மாறிய இடம் அடுத்த நிறுத்தம், பிட் ஷா.

ஷா அப்துல் லத்தீஃப் பிட்டாய் 1689இல் பிறந்து 1752இல் மறைந்தவர். அவருடைய பாடல் தொகுப்பான ‘ஷா ஜோ ரிசாலோ’, சிந்தி மொழியின் தலைநூல். அதை முதலில் அச்சேற்றியவர் எர்ன்ஸ்ட் ட்ரும்ப் என்ற ஜெர்மானியர். 1866இல் லைப்சிக் நகரில் வெளியானது. பண் பண்ணாகப் பகுக்கப்பட்ட நூல் அது. சசூயிக்கு மட்டும் ஐந்து பண்கள். நூரிக்கு ஒன்று. மூமல், மாருயி, சோஹ்ணி என்று மண்ணின் பெண்கள் ஒவ்வொருவரும் வருகிறார்கள். இறைவனைத் தேடும் ஆன்மா அந்தப் பெண்களின் குரலிலேயே பேசுகிறது. நாயகன்–நாயகி பாவத்தில் ஊறிய தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லத்தீஃப் மறைந்த இரண்டே ஆண்டில், 1754இல், பின்னாளில் சிந்துவை ஆண்ட குலாம் ஷா கல்ஹோரோ எழுப்பிய தர்கா வெள்ளையும் நீலமுமாக நிற்கிறது. பார்க்க வேண்டியதைவிடக் கேட்க வேண்டிய இடம் இது. கருப்பு உடை தரித்த ஃபக்கீர்கள் சன்னதி முன் அரைவட்டமாக அமர்ந்து தம்பூரோ மீட்டுகிறார்கள். ஐந்து நரம்புகள் கொண்ட இந்தக் கருவியை வகுத்தவர் லத்தீஃபே என்பது மரபு. மீட்டும் விரல்கள் கருவியின் பலகையிலும் தட்டித் தாளம் தருகின்றன. தாடி நரைத்த ஆண்கள் குரலை மிக உயரத்துக்கு ஏற்றி, பெண் குரலில் பாடத் தொடங்குகிறார்கள். இன்னொருவர் கீழ்க்குரலில் பதில் சொல்கிறார். சசூயி மலையில் தனித்து அழும் பகுதியை அந்த உச்சக் குரலில் கேட்டவருக்கு, பம்போரின் இடிந்த சுவர் இரண்டாம் முறையாகத் தெரியத் தொடங்கும். இரவுதோறும் நடக்கும் இந்தப் பாட்டு ஏறத்தாழ 270 ஆண்டுகளாகத் தொடர்கிறது. அகழாய்வு அறிக்கை எழுதப்படுவதற்கு இருநூறு ஆண்டுகள் முன்பே பம்போருக்கு இங்கே நினைவுச் சின்னம் எழுப்பியாகிவிட்டது, ஒலியில்.

பக்கத்தில் உடேரோ லால். 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். இந்துக்கள் ஜூலேலால் என்று வணங்கும் நதித் தெய்வத்தின் கோயிலும், முஸ்லிம்கள் ஷேக் தாஹிர் என்று போற்றும் மகானின் தர்காவும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. 1947க்குப் பின் சிந்தி இந்துக்களில் பெரும்பகுதியினர் புலம்பெயர்ந்தும் அந்த ஏற்பாடு கலையவில்லை.

நதியின் மேற்குக் கரைக்குக் கடந்து இந்துஸ் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் சேவன். லால் ஷாபாஸ் கலந்தர் என்று உலகம் அறிந்த உஸ்மான் மர்வந்தி 1274இல் மறைந்த ஊர். முதல் கட்டடம் 1356இல் எழுந்தது. அந்திக்குப் பின் நகாரா முரசுகள் முழங்க, ஆணும் பெண்ணும் முற்றத்தில் தமால் ஆடுகிறார்கள். பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஆடும் காட்சி, பாகிஸ்தானைச் செய்தித்தாளில் மட்டும் அறிந்தவரைத் திகைக்க வைக்கும். 2017 பிப்ரவரி 16 மாலை, இந்தக் கூட்டத்துக்குள் புகுந்து ஒருவன் குண்டை வெடிக்கச் செய்தான். எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறுநாள் விடியுமுன் தர்காவின் மணி வழக்கம்போல் அடிக்கப்பட்டது. மறுநாளே தமாலும் தொடர்ந்தது. சூபி வழி சாந்தமானது, மென்மையானது என்று எழுதுகிறவர்கள் சேவனை ஒருமுறை நினைக்க வேண்டும். இங்கே இருப்பது உறுதி.

ஆனால் உயிருள்ள இடத்துக்கு ஒரு விலை உண்டு. சேவன் தர்காவின் பழைய குவிமாடம் 1994இல் சரிந்தது. இன்று நாம் காணும் பொன்முலாம் பூசிய குவிமாடம், சலவைக்கல், விளக்குத் தோரணங்கள் எல்லாம் புதியவை. 14ஆம் நூற்றாண்டுக் கட்டடக் கலையைத் தேடுகிறவருக்கு இங்கே கிடைப்பது சொற்பம். பக்தி தன் காணிக்கையைப் பளபளப்பாகவே தர விரும்பும். ஆக, மக்லியின் மன்னர் கல்லறைகளில் கல் இருக்கிறது, மக்கள் இல்லை. சேவனில் மக்கள் இருக்கிறார்கள், பழைய கல் இல்லை. ஊரை ஒட்டியே பிரம்மாண்டமான கோட்டை மேடு ஒன்று உண்டு. கலந்தர் கோபத்தில் தலைகீழாகக் கவிழ்த்த ஊர் என்று கதை. பிரெஞ்சு ஆய்வாளர்கள் அங்கே அகழ்ந்து பல நூற்றாண்டு அடுக்குகளைக் கண்டனர். தர்காவுக்கு வரும் லட்சக்கணக்கானோரில் அந்த மேட்டில் ஏறுகிறவர்கள் மிகச் சிலரே. ஐந்து நிமிட நடை. இரண்டு துறைகளின் எல்லைக்கோடு குறுக்கே கிடக்கிறது.

சேவனுக்குத் தெற்கே அம்ரி. சிந்து நாகரிகத்துக்கு முந்தைய வாழ்விடத்தை 1929இல் இங்கே தோண்டிக் காட்டியவர் என். ஜி. மஜும்தார். அவர் 1938இல், அன்று இப்பகுதியும் சேர்ந்திருந்த தாது மாவட்டத்தில், களப்பணியின்போது கொள்ளையரால் சுடப்பட்டு இறந்தார். 1959 முதல் 1962 வரை அம்ரியை விரிவாக அகழ்ந்தவர் ழான்-மரி கசால்; புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1940களின் கடைசியில் தோண்டிய அதே பிரெஞ்சுக்காரர். அவருக்கு முன் 1945இல் அரிக்கமேட்டில் தோண்டிய மார்ட்டிமர் வீலர், 1950இல் மொகஞ்சதாரோவுக்குப் போனார். நம் கடற்கரையின் உறைகிணறும் ரோமானிய மட்கலமும் சிந்துவின் செங்கல்லும் ஒரே கைகளில் புழங்கியவை.

கடைசியாக மொகஞ்சதாரோ. பெருங்குளம் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். நீர் கசியாமல் இருக்கக் கீல் பூசப்பட்டது. செங்கற்கள் 1:2:4 என்ற விகிதம் மாறாதவை. நகரத்தில் எழுநூறு கிணறுகள் இருந்திருக்கலாம் என்பது மைக்கேல் யான்சனின் கணிப்பு. இவற்றை நாம் அறிவோம். நேராக இங்கே வருகிறவர் கண்ணில் படாத ஒன்றை, இந்தச் சாலையில் வந்தவர் உடனே கவனிப்பார்: இவ்வளவு பெரிய நகரத்துக்கு முறையான இடுகாடு ஒன்றும் இதுவரை கிடைக்கவில்லை. ஹரப்பாவில் கிடைத்தது, இங்கே இல்லை. மக்லியில் பல லட்சம் கல்லறைகளைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இந்த இன்மை பெரிதாகத் தெரியும். இறந்தோரை எரித்தார்களா, நதியில் விட்டார்களா, அல்லது நதி கொண்டுவந்த வண்டலின் அடியில் இடுகாடு புதைந்து கிடக்கிறதா? மூன்றும் ஊகங்களே.

இன்னொன்று, மேட்டின் உச்சியிலுள்ள தூபி. டி. ஆர். பண்டார்க்கர் 1911–12இல் இங்கே வந்து பார்த்து, செங்கற்கள் புதியவை, இருநூறு ஆண்டுப் பழமைதான் என்று எழுதிவிட்டுப் போனார். ஆர். டி. பானர்ஜி அந்தத் தூபியை முன்னிட்டே தோண்ட வந்தார். 1922–23இல் அதைச் சுற்றித் தோண்டியபோதுதான் முத்திரைகள் வெளிவந்தன. ஜான் மார்ஷல் 1924இல் உலகுக்கு அறிவித்தார். தூபி குஷாணர் காலத்தது என்பது வழக்கமான முடிவு. அதையும் வெரார்டி என்ற இத்தாலிய அறிஞர் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார். எப்படியானாலும், கைவிடப்பட்ட நகரத்தின் மேல் பின்வந்தோர் எழுப்பிய வழிபாட்டிடம் என்று கருதப்பட்டதுதான் அடியிலிருந்த நகரத்துக்கு வழிகாட்டியது.

அந்த நகரம் இன்று கண்ணெதிரே கரைகிறது. 1932இல் சுக்கூர் அணை திறக்கப்பட்டபின் சுற்றிலும் நெல் வயல்கள் பெருகி நிலத்தடி நீர் ஏறியது. செங்கல் அந்த நீரை உறிஞ்சுகிறது. வெயிலில் நீர் ஆவியாக, உள்ளே வந்த உப்பு படிகமாகிச் செங்கல்லின் முகத்தைப் பொரிந்து உதிரச் செய்கிறது. சுவர்களின் அடிப்பகுதியில் வெள்ளைப் பூச்சாகத் தெரிவது அந்த உப்புதான். யுனெஸ்கோ 1970களில் தொடங்கி இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் நடத்திய மீட்புப் பணியில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு நீரை இறைத்தார்கள். உப்புக் குறைந்த களிமண்ணைச் சுவர்களில் பூசினார்கள். ஜார்ஜ் டேல்ஸ் 1964–65இல் தோண்டியதற்குப் பிறகு பெரிய அகழாய்வு இல்லை. தோண்டியதைக் காக்கவே வழி போதவில்லை. 2022 பெருமழையில் சுவர்கள் மேலும் சேதமுற்றன. அதே மாதங்களில் மஞ்சர் ஏரி நிரம்பி வழிய, சேவன் ஊரைக் காப்பாற்ற அரசே ஏரிக்கரையை வெட்டிவிட்டது. அக்கம்பக்கக் கிராமங்கள் மூழ்கின.

செய்ய வேண்டியது எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. தொல்லியல் துறையும் வக்ஃபு துறையும் இப்போது மாகாண அரசின் கையில்தான் இருக்கின்றன. மக்லி மேட்டுக்கும் அஸ்ஹாபி தர்காவுக்கும், சேவன் தர்காவுக்கும் கோட்டை மேட்டுக்கும் தனித்தனித் திட்டம் போடாமல் ஒரே திட்டம் போட வேண்டும். தர்காவின் பழைய பகுதியில் கைவைக்குமுன் தொல்லியலாளர் ஒப்புதல் வேண்டும். இடிபாட்டின் பராமரிப்பில் தர்காவை நம்பி வாழும் ஊர்மக்களுக்கு வேலையும் பங்கும் வேண்டும். வழிகாட்டிகள் கல்வெட்டின் ஆண்டையும் சசூயியின் கதையையும் சேர்த்தே சொல்லப் பயிற்சி பெற வேண்டும்.

இந்தியக் கடவுச்சீட்டோடு இந்தச் சாலையில் போவது இன்றைய நிலையில் கடினம். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பியத் தமிழர்களுக்கு அந்தத் தடை குறைவு. போகிறவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். வெயில் காலத்தில் சேவன் தாங்காது. விமானத்தில் மொகஞ்சதாரோவில் இறங்கி அன்றே திரும்பும் திட்டத்தை ஏற்காதீர்கள். ஓர் இரவு பிட் ஷாவில், ஒரு வியாழன் மாலை சேவனில், மக்லிக்கு முழுதாக ஒரு நாள். மொகஞ்சதாரோவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.